உருக்காலைக்கு முன் ஒரு பார்வை: பாதுகாப்பு அமைச்சின் செயலாளருக்குத் தலவாக்கலையிலிருந்து ஒரு திறந்த மடல்



தற்பாதுகாப்புக்கென அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள் தம் துப்பாக்கிகளை 2024 நவம்பர் 7ஆம் திகதிக்குள் வெலிசறையிலுள்ள கடற்படைப் பிரிவில் தற்காலிகமாக ஒப்படைக்க வேண்டுமென அமைச்சு விடுத்த பணிப்பு, பொதுமக்களின் உயிர்ப்பாதுகாப்பை எண்ணி எடுத்த நியாயமான முடிவாகும். ஆயினும், மீள வழங்கப்படாத ஆயுதங்களை என்ன செய்வதென்று தீர்மானிக்கும் வேளையில், அவற்றுள் நூறாண்டுப் பழைமை கொண்ட கைத்துப்பாக்கி ஒன்றேனும் இருக்குமாயின், அது உருக்காலைக்குப் போகுமுன் தேசிய நூதனசாலைகள் திணைக்களத்தின் பார்வைக்குச் செல்ல வேண்டும் என்பதே இம்மடலின் கோரிக்கை.

அத்தகைய பழைய கைத்துப்பாக்கியின் பெறுமதி அதன் பொறிமுறையிலேயே தொடங்குகிறது. சுழல் துப்பாக்கியில் ரவைகள் உருளையொன்றில் அடுக்கப்பட்டிருக்க, அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியிலோ வெடித்த தோட்டாவின் பின்னுதைப்பே வெற்றுக் கோதை வெளியே வீசி அடுத்த தோட்டாவை ஏற்றிவிடுகிறது. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒருமுறையே வெடிக்கும் என்பதால் ‘அரை’ என்னும் அடைமொழி சேர்ந்தது. ரவைக்கூடு விசைக்கு முன்னால் அமைந்த 1896ஆம் ஆண்டின் மௌசர், முழங்காலைப் போல மடிந்து நிமிரும் பூட்டைக் கொண்டதும் 1908இல் ஜெர்மன் தரைப்படை ஏற்றுக்கொண்டதுமான லூகர், ஜோன் பிரவுணிங் வடிவமைத்த 1911ஆம் ஆண்டின் கோல்ட் ஆகியவை, கைக்குள் அடங்கும் இயந்திரமொன்றில் மனித அறிவு எவ்வளவு நுட்பமாகச் செயற்பட்டது என்பதற்கு இன்றும் சான்றாக நிற்கின்றன.

இவற்றுக்கும் தேயிலை மலைகளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஐரோப்பியத் துரைமாரைக் கொண்டு 1900இல் அமைக்கப்பட்ட இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படை, அதே ஆண்டில் தென்னாபிரிக்கப் போருக்கு ஒரு பிரிவை அனுப்பி, முதலாம் உலகப் போரில் எகிப்துக்கும் கலிப்பொலிக்கும் சென்று, 1949இல் கலைக்கப்பட்டது. பிரித்தானிய அதிகாரிகள் பலர் தம் கைத்துப்பாக்கியைச் சொந்தச் செலவில் வாங்கிய காலம் அது என்பதால், பழைய பங்களா ஒன்றின் இரும்புப் பெட்டியிலிருந்து வெளிப்படக்கூடிய துப்பாக்கியொன்று, தன் இலக்கத்தின் வழியே ஒரு மனிதரையும் ஒரு போரையும் அடையாளங்காட்ட வல்லது.

பழையதைப் புதிதாக்குவதும் அழிப்பதற்கு ஒப்பானதே. துருவைத் தேய்த்து மீண்டும் கருநீல மெருகு ஏற்றும்போது, தொழிற்சாலை முத்திரைகளும் இலக்கங்களும் மங்கிப் போவதோடு, அந்தப் பொருள் பேசக்கூடிய சாட்சியமும் மறைந்துவிடுகிறது. ஆகவே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, ஈரம் உறிஞ்சும் பொதி, இறுக மூடிய பேழை ஆகியவற்றுக்கு மேல் எதுவும் செய்யாமல் விடுவதே தேர்ந்த பாதுகாப்பாளரின் வழி. மூடுபனி கதவிடுக்கில் நுழையும் தலவாக்கலையில், தோலுறைக்குள் வைத்த கைத்துப்பாக்கியை அத்தோலே ஈரம் ஈர்த்து அரித்துவிடும். அன்றைய தோட்டாக்களின் பற்றவைப்புக் கலவையோ, குழலுக்குள் உப்பைப் படியவிட்டு ஈரக்காற்றில் துருவை வளர்த்துவிடும். நூறாண்டுச் சுருள்வில்லின் வலிமையை வெளிப்பார்வையில் அறிய முடியாதாகையால், இவற்றைச் சுட்டுப் பார்க்கும் ஆசைக்கும் இடமில்லை.

இக்கோரிக்கை துரைமாரின் பெருமைக்காக எழுந்ததன்று. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தனும், 1977 மே 11ஆம் திகதி, தோட்டக் காணி ஏழாயிரம் ஏக்கர் பறிபோவதை எதிர்த்து எழுந்த டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணனும் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். மலையகத் தொழிலாளி துப்பாக்கியை எப்போதும் அதன் வாய்ப்பக்கத்திலிருந்தே கண்டவர். ஆகையால், இங்கே துப்பாக்கியைப் பேழையில் வைப்பதாயின், அதை ஏந்தியவரின் பெயருக்கு அருகில் அவர் ஆண்ட தோட்டத்தின் பெயரும், அந்த மண்ணில் வீழ்ந்தவர்களின் பெயர்களும் தமிழிலும் எழுதப்பட வேண்டும்; அவ்வாறு எழுதப்படாத காட்சிப்பேழை மலையகத்துக்கு வேண்டாம்.

1765இல் கண்டியிலிருந்து ஒல்லாந்தர் கவர்ந்து சென்ற லெவ்கே திசாவையின் பீரங்கி, 2023 டிசம்பரில் நாடு திரும்பியபோது அரசு அதை வரலாற்றுச் செல்வமாகவே வரவேற்றது. அதே கண் வெலிசறைக் களஞ்சியத்தின் மீதும் படட்டும். நூதனசாலை அலுவலர் ஒருவரையும் படைக்கல அறிஞர் ஒருவரையும் அங்கு அனுப்பி, தோட்டத்துரைமார் படை கலைக்கப்பட்ட 1949க்கு முற்பட்டவற்றின் இலக்கங்களையும் முத்திரைகளையும் பட்டியலிட்டு, உரிமையாளர் இசைந்தால் சுட முடியாதவாறு செயலிழக்கச் செய்து, ஹந்தானைத் தேயிலை நூதனசாலையில் வைக்க ஆவன செய்யுமாறும், அதுவரை அவற்றுள் எதையும் அழிக்க வேண்டாமென உத்தரவிடுமாறும் தங்களை இம்மடல் வேண்டுகிறது.

தலவாக்கலை