சைக்கிளை வெளியே எடுங்கள்



உங்கள் வீட்டுப் பின் விறாந்தையில் பழைய சைக்கிள் ஒன்று சாத்திக் கிடக்கிறதா? இரண்டு சில்லுகளிலும் காற்றில்லாமல், தூசி படிந்து?

எங்கள் வீட்டிலும் ஒன்று கிடந்தது. அது எனது மகளுடையது. 2018இல் அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது, "இனி சைக்கிள் வேண்டாம் மகள்" என்று சொன்னவன் நான்தான். அவள் மறுபேச்சுப் பேசாமல் உள்ளே போய்விட்டாள். அது மார்க்கம் போட்ட தடையா என்று அன்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஊர்ப் பேச்சுக்கு அஞ்சினேன் என்பதுதான் உண்மையான பதில்.

2022இல் நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை. எங்கள் மோட்டார் சைக்கிள் முற்றத்தில் நின்றுவிட்டது. மகள் ரியூஷன் வகுப்புக்கு எப்படிப் போவது? பழைய சைக்கிளைத் துடைத்து, ரியூப் மாற்றிக் கொடுத்தேன். நானும் இன்னொரு சைக்கிளில் பின்னால் போனேன். முதல் நாள் திரும்பி வரும்போது, எங்கள் ஒழுங்கையில் திரும்பாமல் அவள் நேரே வயல் பக்கம் மிதித்தாள். "கொஞ்சத் தூரம் வாப்பா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து நான்கு வருடமாகிவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்று முதல் சனிக்கிழமைகளில் ஸுபஹ் தொழுத பின் புறப்படுகிறோம். கடைக்கோ கந்தோருக்கோ அல்ல. சும்மா ஓடி வரத்தான்.

கிழக்குக் கரையில் இருப்பவர்களுக்குப் பருவங்கள் தெரியும். ஆனால் சைக்கிளில் போனால்தான் அவை உடம்பில் படும். ஜனவரியில் வயல் முழுக்கப் பச்சை. வாய்க்காலில் நீர் ஓடும் சத்தம் கூடவே வரும். பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக அறுவடை; புது வைக்கோல் வாசம் தெருவெல்லாம். மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று. வெயில் ஏறமுன் மேற்கே போய்விட்டால், திரும்பும்போது காற்றே முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். நேரம் தவறினால் எதிர்காற்றில் மிதித்துக் கால் சோர்ந்துவிடும்!

பயணம் போன இடத்திலும் இந்த இன்பம் உண்டு. ஒரு விடுமுறையில் குடும்பமாகப் பொலன்னறுவைக்குப் போனோம். அங்கே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். பழைய நகரின் இடிபாடுகள் பல கிலோமீற்றர் பரந்து கிடக்கின்றன. வேனில் போனால் கண்ணாடி வழியே பார்த்துக் கடந்துவிடுவோம். சைக்கிளில் போனால் விரும்பிய மர நிழலில் இறங்கலாம். 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு மன்னன் அமைத்த பராக்கிரம சமுத்திரத்தின் அணைக்கட்டு வீதியில், மணமான நாளிலிருந்து சைக்கிளைத் தொடாத என் மனைவியும் ஏறினார். முதலில் தள்ளாடினார். பிறகு மகளை முந்திப் போனார்! ஒரு பக்கம் குளம், மறுபக்கம் மரங்கள்.

சகோதரிகளே, தொடங்குமுன் சில விடயங்களைக் கவனியுங்கள். நடுச்சட்டம் தாழ்ந்த லேடீஸ் சைக்கிளே நமது உடைக்கு வசதி. செயினுக்கு மூடி இருக்கட்டும். அபாயாவின் கரை செயினிலோ சில்லுக் கம்பியிலோ சிக்கினால் விழுந்துவிடுவீர்கள். குதிக்காலைப் பெடலில் வைக்கும்போது முழங்கால் ஏறக்குறைய நிமிரும்படி சீட்டை உயர்த்துங்கள், முழங்கால் நோகாது. மழையில் நனைந்த பிரேக் உடனே பிடிக்காது; மெதுவாகப் போங்கள். வீடு வந்ததும் செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். வெயில் காலத்தில் தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் புறப்படாதீர்கள்.

என் மகளிடம் நான் பறித்த நான்கு வருடங்களைத் திருப்பிக் கொடுக்க முடியாது. உங்கள் மகளின் சைக்கிள் இன்னும் விறாந்தையில்தான் இருக்கிறது. இந்த வாரமே அதற்குக் காற்றடியுங்கள். அயலவர்கள் இரண்டு நாள் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.