கண்காட்சி வாசலில் போட்டியாளர்: தடுப்பது முறையா?



கருத்துக் கட்டுரை எழுதும்போது ஒரு பக்கத்தைத் தெரிவுசெய்து, அதனைக் காரணங்களாலும் சான்றுகளாலும் நிறுவ வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதற்கு ஒரு மாதிரியாக, தொழினுட்ப உலகில் மீண்டும் மீண்டும் எழுந்த ஒரு வினாவை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரு தொழினுட்ப நிறுவனம் தானே நடத்தும் வர்த்தகக் கண்காட்சியில் தன் போட்டி நிறுவனங்களுக்கு இடம் மறுக்கலாமா? மறுக்கும் உரிமை அதற்கு உண்டு. ஆயினும் மறுப்பது அறிவுடைய செயலன்று என்பதே என் கருத்து.

பின்னணி

வர்த்தகக் கண்காட்சிகள் இருவகைப்படும். ஒன்று பொதுக் கண்காட்சி. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் நுகர்வோர் மின்னணுப் பொருட் கண்காட்சி இவ்வகையைச் சார்ந்தது. அதனை ஒரு வர்த்தகச் சங்கமே நடத்துகின்றது. ஆகவே போட்டி நிறுவனங்கள் ஒரே மண்டபத்தில் தம் பொருள்களைக் காட்டுகின்றன. மற்றையது, ஒரு நிறுவனம் தன் பெயரில், தன் வாடிக்கையாளருக்காக நடத்தும் கண்காட்சி. நமது வினா இந்த இரண்டாவது வகையைப் பற்றியதாகும்.

விஎம்வெயார் என்ற அமெரிக்க நிறுவனத்தை உதாரணமாகக் கொள்வோம். ஒரே கணினியைப் பல கணினிகள் போல இயங்கச் செய்யும் மென்பொருளால் புகழ்பெற்றது அது. இத்தொழினுட்பம் மெய்நிகராக்கம் எனப்படும். பத்துக் கணினிகள் செய்யும் வேலையை ஓரிரு பெரிய கணினிகளைக் கொண்டு முடித்துவிடலாம் என்பதால், வங்கிகளும் பல்கலைக்கழகங்களும் அரச அலுவலகங்களும் இதனை விரும்பி வாங்கின. விஎம்வேர்ல்ட் என்ற பெயரில் அந்நிறுவனம் ஆண்டுதோறும் ஒரு கண்காட்சியையும் நடத்தி வந்தது.

2008 ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனம் ஹைப்பர்-வி என்னும் அதே வகை மென்பொருளை வெளியிட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் லாஸ் வேகாசில் விஎம்வேர்ல்ட் நடைபெற்றபோது, சூதாட்ட விடுதிகளில் காசுக்குப் பதிலாகப் பயன்படும் ஒரு டொலர் வில்லைகளை மைக்ரோசொப்ட் தரப்பினர் அங்கு வந்தவர்களுக்குக் கொடுத்தனர். கூடவே ஒரு துண்டுப்பிரசுரமும் இருந்தது. விஎம்வெயாரின் விலை மிக அதிகம் என்பதே அதன் சாரம்.

அடுத்த ஆண்டு விஎம்வெயார் தன் விதிகளை இறுக்கியது. கண்காட்சியில் இடம்பெறும் பொருள்கள் விஎம்வெயாரின் பொருள்களுக்குத் துணையாக அமைபவையாக இருக்க வேண்டும் என்று 2009 ஆம் ஆண்டுக்கான ஒப்பந்தம் கூறியது. மைக்ரோசொப்ட், சிற்றிக்ஸ் போன்ற போட்டியாளர்கள் சிறிய கூடங்களுடன் அமைய வேண்டியதாயிற்று.

தடுப்போர் கூறும் நியாயம்

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடும் எடுத்துக் கூறுவதே நல்ல கட்டுரைக்கு அழகு. ஆகவே முதலில் அதனைக் காண்போம்.

கண்காட்சி நடத்துவது எளிதன்று. மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, பேச்சாளரை அழைத்து, ஆயிரக்கணக்கானோரை ஓரிடத்தில் கூட்டுவதற்குப் பெருஞ்செலவாகும். அக்கூட்டத்தைத் திரட்டியவர் ஒருவர், அதில் பயன்பெறுபவர் இன்னொருவர் என்றால் அது நீதியா? 'உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே' என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும் அல்லவா? மேலும், போட்டியாளர் தம் பொருளைக் காட்ட விரும்பினால் தாமே ஒரு கண்காட்சியை நடத்தலாம். அதனை எவரும் தடுக்கவில்லை.

இவ்வாதம் வலுவானதே. அதனால்தான் உரிமை இல்லை என்று நான் கூறவில்லை. உரிமை இருப்பதனாலேயே ஒரு செயல் நன்மை தருவதாகிவிடாது என்பதையே கூற விரும்புகிறேன்.

என் கருத்துக்கான காரணங்கள்

முதலாவதாக, தடை போட்டியாளரை நிறுத்துவதில்லை. அடுத்த கட்டடத்துக்கு அனுப்பி வைக்கின்றது. 2010 ஆம் ஆண்டில் விஎம்வேர்ல்ட் நடைபெற்ற நாள்களில், மைக்ரோசொப்ட் அமெரிக்காவின் பிரபல நாளிதழ் ஒன்றில் விளம்பரமாக ஒரு பகிரங்கக் கடிதத்தை வெளியிட்டது. விஎம்வெயாருடன் மூன்றாண்டு ஒப்பந்தம் செய்யுமுன் யோசியுங்கள் என்று அது வாடிக்கையாளருக்கு அறிவுரை கூறியது. மண்டபத்தினுள் சில ஆயிரம் பேர் கேட்டிருக்கக்கூடிய செய்தி நாடு முழுவதற்கும் போய்ச் சேர்ந்தது.

2011 ஒக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒராக்கிள் நிறுவனத்தின் ஓபன்வேர்ல்ட் மாநாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. சேல்ஸ்போர்ஸ் நிறுவனத் தலைவர் மார்க் பெனியோவ் அங்கு உரையாற்றுவதாக இருந்தது. அவருடைய நிறுவனம் அம்மாநாட்டுக்குப் பணம் கொடுத்த அனுசரணையாளரும்கூட. ஆனால் முதல் நாளில் ஒராக்கிள் அவரது உரையை மறுநாள் காலைக்கு மாற்றியது. தன் உரை இரத்துச் செய்யப்பட்டதாகவே பெனியோவ் கூறினார். நேரத்தை மட்டுமே மாற்றியதாக ஒராக்கிள் கூறியது. அவர் என்ன செய்தார் தெரியுமா? அருகிலிருந்த ஒரு ஹொட்டேலின் உணவகத்தில் அதே நாளில் பேசினார். செய்தியாளர்கள் அங்கே திரண்டனர். சாதாரணமாக நடந்து முடிந்திருக்க வேண்டிய ஓர் உரை அன்றைய தலைப்புச் செய்தியாயிற்று.

இரண்டாவதாக, கண்காட்சிக்கு வருபவரை நினைத்துப் பாருங்கள். அவர் வேடிக்கை பார்க்க வருபவர் அல்லர். தன் வங்கிக்கோ வைத்தியசாலைக்கோ பல ஆண்டுகள் பயன்படப்போகும் ஒரு தொகுதியைத் தெரிவுசெய்யும் பொறுப்புள்ளவர். ஒருமுறை வாங்கிய மென்பொருளை மாற்றுவது, சட்டையை மாற்றுவது போன்றதன்று. ஊழியரின் பயிற்சி, சேமித்த தரவுகள், பராமரிப்பு ஒப்பந்தம் ஆகிய யாவும் அதனுடன் பிணைந்துவிடும். தவறாகத் தெரிவுசெய்தால் அந்தச் செலவு பொதுமக்களின் தலையிலும் விழக்கூடும். இரண்டு பொருள்களையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவருக்கு எவ்வளவு பெரிய உதவி! தன் பொருள் சிறந்ததென்று நம்பும் நிறுவனம் அந்த ஒப்பீட்டுக்கு ஏன் அஞ்ச வேண்டும்?

மூன்றாவதாக, நம் குறையை நமக்குக் காட்டுபவர் போட்டியாளரே. 1851 ஆம் ஆண்டு இலண்டனில் பளிங்கு மாளிகையில் உலகப் பெருங்கண்காட்சி நடைபெற்றது. அதற்கு அமெரிக்காவிலிருந்து ஆல்பிரட் ஹொப்ஸ் என்ற பூட்டு வல்லுநர் வந்தார். திறக்கவே முடியாதென்று பிரித்தானியர் பெருமைப்பட்ட சப் நிறுவனத்தின் பூட்டை அவர் ஏறத்தாழ 25 நிமிடங்களில் திறந்துகாட்டினார். பிராமா நிறுவனமோ தன் பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி பரிசென்று பல ஆண்டுகளாகச் சவால் விட்டிருந்தது. அதனையும் பல நாள்கள் முயன்று திறந்தார். பிரித்தானியருக்கு அது பெரும் அவமானமாக இருந்தது. ஆனால் அதன்பின் பூட்டுத் தயாரிப்பாளர் தம் பூட்டுகளைத் திருத்தினர். அயல்நாட்டுப் போட்டியாளர் வராதிருந்தால் மக்கள் அந்தப் பழைய பூட்டுகளையே நம்பி உறங்கியிருப்பர்.

குறையை இடித்துரைப்பவரின் அருமையைத் திருவள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்ற அதிகாரத்தில் எடுத்துரைக்கின்றார். போட்டியாளர் நமக்குப் பெரியோர் அல்லர்தான். ஆயினும் நம் குறையைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை அவரைப் போல ஊதியமின்றிச் செய்பவர் வேறு யார்?

நான்காவதாக, இன்றைய போட்டியாளர் நாளைய பங்காளியாகலாம். 2011 இல் மோதிக்கொண்ட ஒராக்கிளும் சேல்ஸ்போர்சும் 2013 இல் ஒன்பது ஆண்டுகால ஒத்துழைப்பை அறிவித்தன. 2019 ஏப்ரலில் லாஸ் வேகாசில் டெல் நிறுவனம் நடத்திய மாநாட்டில், மைக்ரோசொப்ட் தலைவர் சத்யா நாதெல்லாவும் விஎம்வெயார் தலைவர் பற் ஜெல்சிங்கரும் ஒரே மேடையில் தோன்றித் தம் கூட்டு முயற்சியை அறிவித்தனர். வில்லை கொடுத்தவரும் விதியை இறுக்கியவரும் பதினொரு ஆண்டுகளில் கைகோத்து நின்றனர். பின்னர் 2023 இல் விஎம்வெயாரை புரோட்கொம் நிறுவனம் வாங்கிவிட்டது. வணிகத்தில் பகை நிலையானதன்று.

எனது அனுபவம்

இதைப் பிறருக்குச் சொல்லும் உபதேசமாக மட்டும் நான் எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பாக ஒரு கருத்தரங்கு நடத்தினேன். மண்டபமும் ஒலிபெருக்கியும் என் செலவு. காலையில் வாசலில் ஓர் இளைஞர் நின்று, அதே பாடம் கற்பிக்கும் இன்னொரு ஆசிரியரின் துண்டுப்பிரசுரங்களை என் மாணவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. அவரை அனுப்பிவிட்டு, மாணவரின் கைகளிலிருந்த தாள்களையும் வாங்கிக்கொண்டேன். மாலையில் ஒரு மாணவி தயங்கியபடி கேட்டாள்: "சேர், அந்த நோட்டீசில அப்பிடி என்ன சேர் இருந்தது?"

என்னிடம் பதில் இல்லை. நான் அதை வாசிக்கவே இல்லை. வீட்டுக்குப் போய் வாசித்தேன். நான் அவ்வாண்டு நேரமின்மையால் விட்டுவிட்ட ஓர் அலகைப் பற்றிய வகுப்பு அது. மறுவாரம் அந்த அலகை நடத்தினேன். அந்த மாணவி அன்று கேட்டிராவிட்டால் என் வகுப்புப் பிள்ளைகள் அந்த அலகைப் படிக்காமலே பரீட்சைக்குப் போயிருப்பார்கள்.

முடிவு

ஆகவே செய்யத்தக்கது யாது? கதவை மூடுவதற்குப் பதிலாக ஒழுங்கை வகுக்கலாம். எல்லோருக்கும் ஒரே கட்டணம். ஒரே அளவுத் திட்டத்தில் கூடம். தன் பொருளைப் பற்றிப் பேசலாம், பொய்யும் வசையும் கூடாது. கூடத்துக்கு வெளியே பிரசுரம் வழங்கக்கூடாது. இவ்விதிகள் யாவும் பணம் வாங்குமுன் அறிவிக்கப்பட வேண்டும். வில்லை வழங்கியது ஒழுங்கீனம் என்றால், அந்த ஒழுங்கீனத்தைத் தண்டிக்கட்டும். போட்டியிட்டதையே குற்றமாக்க வேண்டாம். செலவு செய்தவருக்கு மேடையும் தலைமை உரையும் முன்வரிசையும் எப்படியும் உரியவையே. அவற்றைப் பெற்றிருந்தும், மூலையில் ஒரு சிறு கூடத்தைக் கண்டு அஞ்சுபவர் தன் பொருளின் மீது தானே ஐயங்கொண்டவர் என்றே வருகை தருவோர் எண்ணுவர்.

கவனத்திற்கு

மேற்கண்ட கட்டுரையில் கருத்து முதற் பந்தியிலேயே கூறப்பட்டதையும், எதிர்வாதம் மறைக்கப்படாமல் எடுத்துக்கொள்ளப்பட்டதையும், ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு சான்று தரப்பட்டதையும் கவனியுங்கள். எதிர்வாதத்தை எழுதினால் தம் கருத்து பலவீனமாகிவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். போட்டியாளரைக் கண்டு கதவை மூடும் நிறுவனத்தின் அச்சமும் இதுவே.

பயிற்சி

1. 'தன் செலவில் கூட்டம் திரட்டியவருக்கே அதன் பயன் முழுவதும் உரியது.' இக்கூற்றை ஆதரித்து ஒரு பந்தி எழுதுக.
2. இக்கட்டுரையாசிரியரின் நான்கு காரணங்களுள் மிகப் பலவீனமானது எது? ஏன்?
3. உமது பாடசாலைக் கண்காட்சியில் அயற்பாடசாலைக்கு இடமளிக்கலாமா என்பது பற்றி 250 சொற்களில் ஒரு கருத்துக் கட்டுரை எழுதுக.