வாடகைப் பொறியும் வழுவாத சிட்டையும்

நாம் பள்ளிச் சிறுவராயிருந்த நாளில், சந்திக் கடையொன்றில் மணிக்கணக்கில் சைக்கிள் வாடகைக்கு எடுப்பதுண்டு. கடைக்காரர் பெயரையும் நேரத்தையும் கொப்பியிற் குறித்துக்கொள்வார். நேரத்தைப்பற்றி ஒருநாளும் பிணக்கு வந்ததில்லை. வந்ததெல்லாம் ரயரிற் காற்றுப் போனபோதுதான். “தம்பி, நீர்தானே ஓடினீர், ஒட்டுக் காசை வையும்” என்பார் அவர். “ரியூப் பழசு, அண்ணை” என்போம் நாம்.

பெருங் கம்பனிகளின் வாடகைக் கணக்கிலும் இதே பிணக்குத்தான் உண்டு, வாசகர்களே. 1959ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘செரொக்ஸ் 914’ என்னும் பிரதியெடுக்கும் பொறி வெளிவந்தது. ஏறக்குறைய 650 இறாத்தல் நிறை; விலையோ பெரிது. ஆகவே அதனை மாதம் 95 டொலர் வாடகைக்குக் கொடுத்தனர். முதல் 2,000 பிரதிகள் அவ்வாடகையுள் அடங்கும். மேற்பட்டவற்றுக்குப் பிரதிக்குச் சில சதம். எண்ணிக்கையைப் பொறியிலிருந்த கணக்குமானியே காட்டிற்று. பழுதுபார்க்கும் பொறுப்பு முழுவதும் கம்பனியுடையது. அப்பொறி அடிக்கடி மக்கர் செய்வது. காகிதந் தீப்பற்றுவதுமுண்டென்று தீயணைக்கும் கருவியொன்றையும் உடன்வைத்தே அனுப்பினராம்! பொறி நின்றால் எண்ணும் நிற்கும், எண் நின்றால் வரவும் நிற்கும். எனவே திருத்துநரை விரைந்தனுப்பக் கம்பனிக்கே அவசரமிருந்தது. 1962இல் இங்கிலாந்தின் பிறிஸ்ரல் சிட்லி கம்பனியார் விமான இயந்திரங்களைப் பறந்த மணிக்கு இவ்வளவு என்று பராமரிக்க முன்வந்ததும் இந்நெறியிலேதான்.

பழுதுக்குத் தனிச் சிட்டை எழுதுவோர்க்கோ பழுதே வருவாய். வாடகைக்கு எடுப்போர் முதலிற் பார்க்கவேண்டிய வரி ஒப்பந்தத்தின் இந்த இடந்தான்.

இக்காலப் பொறிகள் தம் எண்ணைத் தாமே கம்பனிக்கு அறிவித்துவிடுகின்றன. சிட்டையும் மனிதர் கைபடாமலே வந்துசேர்கிறது. கூட்டற்பிழை அதில் இராது. ஆயினும் மங்கிய பிரதி எது, நல்ல பிரதி எது என்று கணக்குமானி அறியாது. திருத்த வந்தவர் சோதித்தெடுத்த தாள்களும் நம் கணக்கிலேயே ஏறும்.

நாமறிந்த பாடசாலையொன்றின் எழுதுவினைஞர் ஒருவர், மாதத் தொடக்கத்திலும் முடிவிலும் எண்ணைக் கொப்பியிற் குறித்துவைப்பார். கெட்ட தாள்களையும் எறியாது கட்டிவைப்பார். சக ஊழியர்கள் நகைத்ததுண்டு. சென்ற தவணையில் சிட்டை மிகுந்து வந்தது. கம்பனியிலிருந்து வந்தவரின் முன்னே அவர் அக்கட்டை அவிழ்த்து வைத்தார். வந்தவர் ஒவ்வொன்றாய் எண்ணிப்பார்த்து, அத்தொகையைக் கழித்துக் கையொப்பமிட்டுச் சென்றார்.