உருகுவதற்கென்றே ஒரு கம்பி

ஃபியூஸ் போய்விட்டால் நம் இல்லங்களில் முதலில் எழுவது சலிப்பின் குரலே. உண்மையில் அது தன் கடமையைச் செய்து முடித்திருக்கிறது. சுவருக்குள் செல்லும் கம்பி தாங்கும் அளவை மீறி மின்னோட்டம் பாய்ந்தால், அக்கம்பி சூடேறித் தீப்பற்றுமுன் தான் உருகித் தொடர்பை அறுப்பதே அந்த மெல்லிய கம்பியின் வேலை. அவ்விடத்தில், கைக்கு அகப்பட்ட செம்புக் கம்பியை நாலைந்து இழையாக முறுக்கிக் கட்டிவிட்டு, “இனிமேல் போகாது” என்று மகிழ்வோர் உண்டு. போகாதுதான், அடுத்து உருகுவது சுவருக்குள் இருக்கும் கம்பியாக இருக்கும்.

மெயின் சுவிட்சை அணைத்த பின்னரே ஃபியூஸ் கட்டையில் கை வைக்க வேண்டும். கட்டுவது அதே அளவுள்ள ஃபியூஸ் கம்பியாகவே இருத்தல் வேண்டும். போனதன் காரணத்தையும் தேடுவோம். நம் 230 வோல்ட் மின்சாரத்தில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி நான்கு ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். 2000 வாட் வெந்நீர்க் கலமோ ஏறக்குறைய 9 ஆம்பியர். பின்னதை ஐந்து ஆம்பியர் பிளக்கில் மாட்டிவிட்டு ஃபியூஸை நோவதில் பயனில்லை. கட்டியது மீண்டும் உருகுமானால் மின்பணியாளரை அழைப்பதே முறை.

இன்னொன்று: ஃபியூஸ் காப்பது கம்பியை, நம்மை அன்று. ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு உடலின் வழியே பாய்ந்தாலே இதயம் நின்றுவிடக்கூடும். ஐந்து ஆம்பியர் ஃபியூஸுக்கு அது உறைக்கவே உறைக்காது. ஆதலால்தான் மூன்று முனைப் பிளக்கில் எர்த் முனையை நீளமாகவும் தடிப்பாகவும் அமைத்திருக்கிறார்கள். செருகும்போது முதலில் பொருந்தி, எடுக்கும்போது இறுதியில் விலகுவது அதுவே. கருவியின் இரும்பு உடலில் மின்சாரம் கசிந்தால் அவ்வழியே தரைக்குச் செல்லும், ஃபியூஸும் உருகும். துளையில் நுழையவில்லை என்று அம்முனையை வெட்டி எறிவதைப் போன்ற மடமை வேறில்லை! 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி இன்று கிடைக்கிறது. அதைப் பொருத்தியோர் அதன் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்த்தல் நலம்.

கிறிஸ்து பிறப்புக் காலத்தில் நட்சத்திர விளக்குக்குப் பிளக் வாங்காமல், கம்பியின் நுனியைச் சீவி, தீக்குச்சியால் துளைக்குள் இறுக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. டிசம்பர் மழையில் நனைந்த தகரக் கூரைமேல் அக்கம்பி உராய்ந்து கிடக்க, கீழே பிள்ளைகள் குடில் கட்டிக்கொண்டிருப்பார்கள். இவ்வாண்டு நட்சத்திரம் வாங்கும்போதே ஒரு பிளக்கும் சேர்த்து வாங்கிவிடுவோம்.