'விஷக்கடி'ன்னு எழுதினா போதுமா? ஐசிடி-11க்கு செஞ்சி கிளினிக்குகள் தயாராவது எப்படி

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. கோட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் மக்கள் எந்த நோயால் படுக்கிறார்கள், எதனால் இறக்கிறார்கள் என்பதற்கும் ஓர் உலகப் பட்டியல் இருக்கிறது. அதன் பெயர் ஐசிடி. திண்டிவனம் சாலையில் இருக்கும் ஒரு சின்ன கிளினிக்கின் சீட்டில் டாக்டர் என்ன எழுதுகிறார் என்பதை வைத்துத்தான் அந்தப் பட்டியலில் நம்ம ஊர் கணக்கு சரியாக ஏறும், அல்லது விட்டுப்போகும்.

ஐசிடி என்றால் என்ன?

நோய்களுக்கான சர்வதேச வகைப்பாடு. உலக சுகாதார நிறுவனம் இதைப் பராமரிக்கிறது. நாம் 'சுகர்' என்போம், பாட்டி 'சர்க்கரை வியாதி' என்பார், டாக்டர் 'டயாபடிஸ்' என்பார். குறியீடு ஒன்றுதான். பழைய ஐசிடி-10இல் டைப் 2 சர்க்கரை நோய்க்கு 'இ11'. புதிய ஐசிடி-11இல் '5ஏ11'. புதிய பதிப்பை உலக சுகாதார சபை 2019 மே மாதம் ஏற்றது. 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

எண் மட்டும் மாறவில்லை. ரத்த ஓட்டப் பிரிவில் இருந்த பக்கவாதம் நரம்பு மண்டலப் பிரிவுக்கு நகர்ந்திருக்கிறது. ஒரு குறியீட்டோடு இன்னொன்றை ஒட்டி, இடது காலா வலது காலா என்பது வரை சொல்ல முடியும். ஆயுர்வேதம், யுனானியோடு சித்த மருத்துவத்தின் நோய்ப் பெயர்களுக்கும் தனிப் பகுதி உண்டு. 2024 ஜனவரி 10 அன்று டெல்லியில் அது வெளியிடப்பட்டது.

சின்ன ஊருக்கு இது எதுக்கு?

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். மருத்துவமனைக் கணக்குகளில் தெரிந்தது இதில் சிறு பகுதிதான். வீடு வீடாகப் போய் விசாரித்த தகவல்களை வைத்துத்தான் மீதி தெரியவந்தது. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

ஆனால் நிலத்தில் கடிபட்டு ஓடிவருபவரை முண்டியம்பாக்கத்துக்கோ புதுச்சேரிக்கோ அனுப்பும்போது சீட்டில் 'விஷக்கடி' என்று மட்டும் இருந்தால்? பாம்பா, தேளா, பூரானா? எந்த ஊர் எல்லையில் எத்தனை கடி என்று தெரியாமல், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை குப்பி விஷமுறிவு மருந்து வைப்பது என்று எப்படி முடிவு செய்வது?

இறப்புச் சான்றிலும் இதே கதைதான். 'இதயம் நின்றது, மூச்சு நின்றது' என்று எழுதினால் அது எல்லாச் சாவுக்கும் பொருந்தும். சர்க்கரை நோயில் சிறுநீரகம் கெட்டு இறந்தவரின் மூல காரணம் அதோடு மறைந்துவிடும்.

என்ன செய்யலாம்?

முதலில், கடந்த மூன்று மாத நோட்டைப் புரட்டுங்கள். திரும்பத் திரும்ப வரும் 30 நோய்களை எடுத்து, பழைய குறியீடு, புதிய குறியீடு இரண்டையும் ஒரே தாளில் எழுதி மேஜையில் ஒட்டுங்கள். இதற்கான தேடல் கருவியையும் ஒப்பீட்டு அட்டவணைகளையும் உலக சுகாதார நிறுவனம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது.

இரண்டாவது, நோயை முழுதாக எழுதுங்கள். 'சுகர்' போதாது. எந்த வகை, எத்தனை வருஷம், கண்ணோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டிருக்கிறதா?

மூன்றாவது, சாஃப்ட்வேர் தருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நீளமான, ஒட்டிய குறியீட்டை ஏற்குமா? குறியீட்டோடு நோயின் பெயரும் சேமிக்கப்படுமா? பழைய பதிவுகள் மாறாமல் இருக்குமா? பதில் எழுத்தில் வேண்டும்.

நான்காவது, கவுன்ட்டரில் இருக்கும் தங்கச்சியிடம் வேலையைத் தள்ளிவிடாதீர்கள். குறியீட்டைத் தேடி எடுப்பது அவர் வேலையாக இருக்கலாம். நோய் என்ன என்று முடிவு செய்வது டாக்டர் வேலை.

'சார், டாக்டர் ஒருத்தர், வெளியே அம்பது பேர் உட்கார்ந்திருக்காங்க, இதுக்கெல்லாம் எங்கே நேரம்?' நியாயமான கேள்வி. சளிக்கும் தலைவலிக்கும் முதல் நாளிலேயே குறியீடு போட வேண்டியதில்லை. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டு, உள்நோயாளி, விஷக்கடி, இறப்பு ஆகிய நான்கில் தொடங்கினால் போதும். உயிரும் காப்பீட்டுப் பணமும் சிக்குவது அங்கேதான்.

ஒரே நாளில் மாறிவிடலாம் என்று காத்திருப்பதும் சரியல்ல. குறியீட்டை வைத்தே காப்பீட்டுப் பணம் கொடுக்கும் அமெரிக்காவிலேயே, ஐசிடி-10க்கு மாறும் நாள் 2013இலிருந்து இரண்டு முறை தள்ளிப்போய், 2015 அக்டோபர் 1இல்தான் நடந்தது.

அரசின் பங்கு

எல்லாவற்றையும் சின்ன கிளினிக்குகள் தலையில் கட்டுவது அநியாயம். மாவட்ட மருத்துவக் கல்லூரி முண்டியம்பாக்கத்தில் இருக்கிறது. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் தனியார் கிளினிக் ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுக்கலாம். 'கட்டுவிரியன்' என்று தமிழில் தட்டினால் சரியான குறியீடு வரும் செயலி வேண்டும். தவறாகப் பதிந்தவருக்கு முதல் வருஷம் அபராதம் கூடாது, திருத்திக் கொடுக்க ஆள் வேண்டும்.

செயலி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த தடவை 'விஷக்கடி' என்று எழுதப் பேனாவை எடுக்கும்போது, என்ன கடித்தது, எங்கே, எத்தனை மணிக்கு என்று மூன்று வார்த்தை சேர்த்து எழுதுங்கள். சரியான குறியீடு போடத் தேவையான தகவல் அதிலேயே வந்துவிடும்.