விளைந்த ஊரில் விலை கேட்டு நிற்கிறோம்

2024ஆம் ஆண்டு நத்தாருக்கு நான்கு நாட்கள் இருக்கையில், சொறிக்கல்முனையிலிருந்து கல்முனைச் சந்தைக்குப் புறப்பட்ட என் பெரியம்மாவுக்குத் துணையாக நானும் சென்றேன். வாங்க வேண்டியவை பெரிதாக ஒன்றுமில்லை. பலகாரத்துக்கு ஐந்து கிலோ பச்சையரிசி, பத்துத் தேங்காய், சீனி, பேரப்பிள்ளைகளுக்கு உடுபிடவை. உடுபிடவைக் கடைகளில் துணி மலைபோற் குவிந்து கிடந்தது. தேங்காய் ஒன்று 180 ரூபாய், 200 ரூபாய் என்றார்கள். பத்து மூன்றாகக் குறைந்தது. பச்சையரிசியோ மூன்று கடைகள் ஏறி இறங்கியும் அகப்படவில்லை.

நான்காவது கடைக்காரர் எங்களுக்கு நெடுநாட் பழக்கமானவர். “என்ன காக்கா, அரிசிக்கடையில் அரிசி இல்லையோ?” என்று பெரியம்மா கேட்டார். “அரசாங்க விலைக்கு வித்தா நட்டம் அம்மா, கூட்டி வித்தா வழக்கு. அதால வாங்கி வைக்கல்ல” என்றார் அவர். நாற்பது ஏக்கர், ஐம்பது ஏக்கர் என்று கண்ணுக்கெட்டிய தூரம் வயல் விரிந்து கிடக்கும் ஊரிலிருந்து சென்ற பெண்மணி, வெறும் பையுடன் பஸ் தரிப்பிடத்துக்குத் திரும்பினார்.

கடைக்காரர் சொன்னது சாக்கா, உண்மையா? சட்டம் படித்தவன் என்ற முறையில் இதனைப் பார்த்தே தீரவேண்டும். அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் அரசாங்கம் வர்த்தமானி மூலம் உச்ச விலை விதித்தது. நாட்டரிசி மொத்த விலை 225 ரூபாய், சில்லறை விலை 230 ரூபாய். வெள்ளைப் பச்சையரிசி 215, 220. இடையே நிற்பது ஐந்து ரூபாய். பொலன்னறுவை ஆலையின் வாசலிற் கடை வைத்திருப்பவனுக்கும் அதே ஐந்து ரூபாய்தான். லொறிக் கூலி, ஏற்றுகூலி, இறக்குகூலி எல்லாம் கொடுத்துக் கல்முனைக்குக் கொணர்ந்து, அங்கிருந்து கிட்டங்கித் தாம்போதி கடந்து நாவிதன்வெளிக் கிராமங்களுக்கு எடுத்துச் செல்பவனுக்கும் அதே ஐந்து ரூபாய்தான். தூரத்தை அறியாத சட்டம் இது. மீறினால், 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தனி வியாபாரிக்குத் தண்டம் குறைந்தது ஒரு இலட்சம் ரூபாய்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பதுக்கலைக் குற்றமாக்குகிறது. பொருளை வைத்துக்கொண்டு விற்க மறுப்பதையும் குற்றமாக்குகிறது. பொருளை வாங்காமலே இருப்பவனை அச்சட்டம் என் செய்யும்? வர்த்தமானியால் விலையை எழுதலாம். மூடையை எழுத முடியுமா? 1953இல் கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தபோது எழுந்த ஹர்த்தால் ஒரு பிரதமரையே பதவி விலகச் செய்தது. அதன் பின்னர் கொழும்பில் எந்தக் கட்சி ஆண்டாலும், அரிசி என்றதும் பேனாவைத்தான் முதலில் எடுக்கின்றன. 2021 செப்டம்பரில் விதித்த அரிசி விலைக் கட்டுப்பாடு ஒரு மாதம்கூட நிற்கவில்லை என்பதை எவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அந்த நத்தார்க் காலத்தில் இறக்குமதிக்கும் வழி திறந்தார்கள். டிசம்பர் 20 வரை அனுமதிப்பத்திரமின்றி அரிசி இறக்கலாம் என்றார்கள். பின்னர் அதனை 2025 ஜனவரி 10 வரை நீடித்தார்கள். கிலோவுக்கு 65 ரூபாய் வரியும் உண்டு. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய அரிசி கிழக்குக் கரைக்கு எந்த நாளில் வரும்? பெரியம்மாவின் பலகாரச் சட்டி அதுவரை காத்திருக்குமா?

ஆனால் இங்கு நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. அம்பாறை மாவட்டத்து நெல் எங்கே போயிற்று? மாசி, பங்குனியில் நம் வயல் வரம்பிலே லொறி வந்து நிற்கிறது. உரக்கடன், அறுவடை இயந்திரக் கூலி, அடகு வைத்த நகை, இவை மூன்றும் கமக்காரனின் கழுத்தைப் பிடிக்கின்றன. காயவைக்கக் களமில்லை; தார் வீதியே களம். மழை வந்தால் அதுவுமில்லை. ஆகவே ஈர நெல்லை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறான். அந்த நெல் வெளி மாவட்டத்து ஆலைக்குப் போகிறது. மார்கழியில் அரிசியாகித் திரும்பினால் திரும்புகிறது, திரும்பாவிட்டால் இல்லை. ஆலைக்காரனுக்கு நெல்லை ஈடாக வைத்து வங்கி கடன் கொடுக்கும். அதே நெல்லை விளைவித்தவனுக்கு?

1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த நெல் சந்தைப்படுத்தும் சபை இருக்கிறதே என்பீர்கள். 2025இல் அதன் கொள்வனவு விலை, நாட்டு நெல்லுக்கு 120 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது பெப்ரவரி 5ஆந் திகதி. நம் கரையில் அப்போது அறுவடை தொடங்கியாயிற்று. கணக்குப் பார்ப்போரும் நேர்மையாகப் பார்க்கவேண்டும்: ஒரு கிலோ நெல் ஏறக்குறைய அறுநூற்றைம்பது கிராம் அரிசிதான் தரும். ஆகவே 120 ரூபாய் நெல், அரிசியாகும்போதே 185 ரூபாயைத் தொடுகிறது. இடைநின்றவன் எல்லாம் கொள்ளையன் என்று மேடையில் முழங்குவது எளிது. நானும் முழங்கியிருக்கிறேன்.

இதனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெறும் பையுடன் திரும்பிய அன்று பஸ்ஸில் ஓர் இளைஞர், “அவங்கட பெருநாளென்றால் அரிசி வந்திருக்கும்” என்றார். நான் திடுக்கிட்டேன். வாங்குவோர் தமிழர், விற்போர் முஸ்லிம்கள் என்ற நிலையில், வெற்று அலுமாரி எவ்வளவு விரைவில் இனப்பகையாக மாறிவிடுகிறது! 1915ஆம் ஆண்டுக் கலகத்தில் யுத்தகால விலையேற்றத்தின் சினமும் முஸ்லிம் வணிகர்மீது திருப்பப்பட்டதை நாம் மறந்துவிடலாகாது. அந்த நத்தாருக்கு ஒரு மாதம் முன்னர், நவம்பர் 26இல், மாவடிப்பள்ளியில் மதரசா மாணவரை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் கொண்டுபோயிற்று. அப்பிள்ளைகளுக்காக அழுதபோது நாம் இனம் பார்த்தோமா? மழைக்கு மழை கிட்டங்கியில் நீர் பாயும்போது அக்கரையில் கடைக்காரரும் இக்கரையில் நாமும் ஒன்றாகவே தடைப்பட்டு நிற்கிறோம்.

அடுத்த பெரும்போக அறுவடைக்கு முன்னர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. நாவிதன்வெளி, சம்மாந்துறை, கல்முனைப் பகுதிகளின் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் ஒரே மேசையில் அமர்ந்து, இப்பகுதியின் மூன்று மாதத் தேவைக்கான நெல்லை இங்கேயே நிறுத்திவைக்கத் திட்டம் வகுக்கவேண்டும். நெல்லை ஒப்படைக்கும் கமக்காரனுக்கு அன்றே பாதிப்பணம், அரிசி விற்றபின் மீதி. களஞ்சியம் இல்லை என்று கைவிரிக்கவேண்டாம். ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் நெற்களஞ்சியத்தைக் கேட்டு மாவட்டச் செயலாளருக்கு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தை வரைந்து தர நான் ஆயத்தம், கூலி வேண்டாம். கல்முனை வணிகர்களையும் அக்கூட்டத்துக்கு அழைக்கவேண்டும். அந்த அரிசியை விற்கப் போகிறவர்கள் அவர்களல்லவா?