புள்ளி எதற்கு? பெனரில் போடவா, பிள்ளைக்குப் படிப்பிக்கவா?

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வந்ததும் கொத்மலைப் பகுதியில் பூண்டுலோயா தொடக்கம் ரம்பொடை, தவலந்தன்னை வரை பாடசாலை வாசல்களில் பெனர் ஏறும். வெட்டுப்புள்ளியைத் தாண்டிய இரண்டு மூன்று பிள்ளைகளின் படமும் பக்கத்தில் புள்ளியும் இருக்கும். அந்தப் பிள்ளைகளின் உழைப்பை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. லயத்துக் காம்பராவில் ஒற்றை பல்பு வெளிச்சத்தில் படித்து எடுத்த புள்ளி அது. ஆனால் அதே வகுப்பில் இருந்த மற்ற இருபது, இருபத்தைந்து பிள்ளைகளின் புள்ளி எங்கே போகிறது? அவர்களும் அதே 2 வினாத்தாள்களைத்தான் எழுதினார்கள். 200க்கு அவர்களுக்கும் ஒரு புள்ளி வந்தது. அது ஒரு கோவைக்குள் போய்விடுகிறது. பிள்ளை ஆறாம் தரத்துக்குப் போகும்போது, அது எதில் கெட்டி, எதில் தடுக்கும் என்று புதிய ஆசிரியரின் கையில் பெரும்பாலும் ஒரு வரிகூட இருப்பதில்லை.

சம்பளத்தையும் வீட்டையும் காணியையும் பேசும் சங்கப் பத்திரிகையில் பரீட்சைப் புள்ளிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நிறுவையைப் பற்றிப் பேசாத தோட்டத் தொழிற்சங்கம் உண்டா? இதுவும் ஒரு நிறுவைதான்.

கொழுந்து மடுவத்தில் தராசு 14 கிலோ காட்டுகிறது, நோம் 18 என்று வைத்துக்கொள்வோம். துரைக்குத் தெரிவது 14 மட்டுமே. அரைப்பேர் என்று எழுதிவிட்டால் அவருக்கு விஷயம் முடிந்தது. ஆனால் கொழுந்தெடுத்த அக்காவுக்குத் தெரியும், அந்த மலைக்கு உரம் போட்டு எத்தனை மாதம் ஆயிற்று, கவ்வாத்து எப்போது வெட்டியது, மானாப்புல் எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது என்று. உரம் போடாத மலையில் ஆளைத் திட்டினால் கொழுந்து வராது. தராசு எவ்வளவு என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. இதைக் கம்பனிக்கு இத்தனை காலம் எடுத்துச் சொல்லி வந்த நாம், நம் பிள்ளைகளின் விஷயத்தில் மட்டும் 14ஐப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து பிள்ளையை அடிக்கிறோம்.

நான்காம் தரத்தில் இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் கணிதத்தில் 35 புள்ளி என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பிள்ளை 402இலிருந்து 157ஐக் கழிக்கச் சொன்னால் 355 என்று எழுதுகிறது. சும்மா எழுதிய விடையில்லை அது. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது. பத்திலிருந்து கடன் எடுப்பது அந்தப் பிள்ளைக்குப் பிடிபடவில்லை. இரண்டாவது பிள்ளை 245 என்று சரியாகவே எழுதிவிடும். ஆனால் அதே கணக்கை, ‘கடையில் 402 மாம்பழம் இருந்தது, 157 விற்றது, மிச்சம் எத்தனை’ என்று மூன்று வரியில் கேட்டால் பேசாமல் இருக்கும். அதற்குத் தெரியாதது கணக்கல்ல, வாசிப்பு. முதல் பிள்ளைக்குப் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளை வைத்து இடப்பெறுமானம் காட்ட வேண்டும். இரண்டாவது பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கப் படிப்பிக்க வேண்டும். தேர்ச்சி அறிக்கையிலோ இருவருக்கும் ‘கணிதத்தில் கவனம் தேவை’ என்ற ஒரே வரிதான். டியூஷனுக்கு அனுப்பினால் அங்கேயும் இருவருக்கும் ஒரே மாதிரி வினாத்தாள். நகையை அடகு வைத்துக் கட்டும் டியூஷன் காசு இப்படித்தான் கரைகிறது.

இதைக் கண்டுபிடிக்கக் கம்பியூட்டர் தேவையில்லை. தவணைப் பரீட்சை விடைத்தாளைத் திருத்திய பிறகு ஒரு தாளில் பிள்ளைகளின் பெயரைக் கீழ்நோக்கியும் வினா இலக்கத்தைப் பக்கவாட்டிலும் எழுதி, சரியா பிழையா என்று அடையாளம் போட்டால் போதும். செக்ரோல் மாதிரி ஒரு தாள், அவ்வளவுதான். 28 பேரில் 19 பேர் ஏழாம் வினாவைப் பிழைவிட்டிருந்தால் அந்தப் பாடத்தை வேறு விதமாக மறுபடியும் படிப்பிக்க வேண்டும். மூன்று பேர்தான் பிழைவிட்டிருந்தால் அந்த மூவரோடு மட்டும் உட்கார்ந்தால் போதும். பரீட்சைத் திணைக்களம்கூட எந்த வினாவுக்கு எத்தனை வீதமானோர் சரியாக விடை எழுதினார்கள் என்று மதிப்பீட்டு அறிக்கைகள் வெளியிடுகிறது. ஆனால் அது நாடு முழுவதற்குமான கணக்கு. நம் வகுப்பின் கணக்கை நம் வகுப்பில்தான் எடுக்க வேண்டும்.

நாடு முழுவதையும் அளந்து பார்த்த கதை பழையது. 2003இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு நிலையம் நான்காம் தர மாணவரைச் சோதித்தது. எதிர்பார்த்த மட்டத்தை எட்டியவர்கள் தாய்மொழியில் 37 வீதம், கணிதத்தில் 38 வீதம், ஆங்கிலத்தில் 10 வீதம். அதன்பிறகும் பல தடவை அளந்தார்கள். அறிக்கைகள் அமைச்சுக்குப் போயின. லயத்துப் பிள்ளையின் கொப்பிவரை எது இறங்கி வந்தது?

தமிழ்நாட்டில் வேறு விதமாகச் செய்து பார்த்தார்கள். கொரோனாவால் பள்ளிகள் நீண்டகாலம் மூடிக் கிடந்த பிறகு, 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற திட்டத்தை 1 முதல் 3 வரையான வகுப்புகளுக்குத் தொடங்கினார்கள். முதலில் ஒவ்வொரு பிள்ளையும் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு எழுத்திலிருந்தே தொடக்கம். ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் நம் சின்னப் பாடசாலைகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். ஆனால் அங்கேயுள்ள ஆசிரியர்கள் சொன்ன குறையையும் கேட்க வேண்டும். மதிப்பீட்டை கைபேசிச் செயலியில் ஏற்றுவதிலேயே படிப்பிக்கும் நேரம் போய்விடுகிறது என்றார்கள். நமக்கு அந்தப் பகுதி வேண்டாம். கொத்மலையில் சில தோட்டங்களில் சிக்னல் எடுக்க ரோட்டுக்கு ஏறி வர வேண்டும் என்பது வேறு கதை.

ஆசிரியர் பக்கத்திலும் ஒரு பயம் இருக்கிறது. விபரம் எழுதி வைத்தால் நாளைக்கு வலயத்திலிருந்து வந்து ‘உன் வகுப்பில் 19 பேர் பிழை’ என்று அதையே காட்டிக் குற்றம் சாட்டுவார்களோ என்ற பயம். அது நியாயமான பயம். ஆசிரியர் உதவியாளர்கள் என்ற பெயரில் மாதம் 6,000 ரூபாய்க்கும், பிறகு 10,000 ரூபாய்க்கும் வேலை வாங்கப்பட்ட இளைஞர்கள்தான் பல தோட்டப் பாடசாலைகளைத் தாங்கினார்கள். அவர்கள் அனுபவித்தது லேசில் மறக்காது. அதனால் சங்கம் ஒன்றை உறுதியாகக் கேட்க வேண்டும். இந்தத் தாள் வகுப்புக்கும் பெற்றோருக்கும் உரியது. பாடசாலைகளை வரிசைப்படுத்தவும் இடமாற்றம் கொடுக்கவும் அதைத் தொடக்கூடாது. தாளைப் பார்த்துப் பரிகாரக் கற்பித்தல் செய்ய நேரசூசியில் பாடவேளை வேண்டும். வெற்றிடம் இருக்கும் பாடசாலைக்கு ஆசிரியரும் வேண்டும். உரம் போடாமல் நோம் கேட்கும் துரையைப்போல் வலயக் காரியாலயம் நடக்கக்கூடாது.

எல்லாவற்றிலும் முதலில் மூன்றாம் தரத்தைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம். ஐந்தாம் தரத்துக்குத்தான் காசும் கவலையும் கொட்டுகிறோம். ஆனால் எட்டு வயதில் ‘கொ’வையும் ‘கோ’வையும் பிரித்து வாசிக்காத பிள்ளை ஐந்தாம் தர வினாத்தாளின் முன்னால் என்ன செய்யும்? அங்கேயிருந்து சாதாரண தரம் வரை வகுப்பில் உட்கார்ந்திருக்கும், பிறகு கொழும்புக் கடைக்குப் போகும். அங்கே சம்பளக் கடுதாசியில் கழித்திருக்கும் கணக்குச் சரியா என்று பார்க்கவும் தெரியாது.

இந்தியாவில் ‘பிரதம்’ அமைப்பு 2005இலிருந்து வீடு வீடாகப் போய் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறது. அதில் எழுத்து, சொல், ஒரு பந்தி, ஒரு சின்னக் கதை, இவ்வளவுதான். வாசிக்கத் தெரியாத தாய்கூடப் பக்கத்தில் இருந்து பார்த்து, பிள்ளை எங்கே தடுக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். ஜனவரியில் ஒன்று, ஓகஸ்டில் ஒன்று என்று மூன்றாம் தரப் பிள்ளைகளை இப்படித் தனித்தனியாக வாசிக்கவைத்துப் பார்த்தால், ஐந்தாம் தரம் வருவதற்குள் கையில் இரண்டு வருடம் இருக்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தேர்ச்சி அறிக்கை வாங்கும்போது ‘எத்தனையாம் பிள்ளை?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘எதை வாசிக்கும், எதில் தடுக்குது, அதுக்கு என்ன செய்யப் போறீங்க, டீச்சர்?’ என்று கேளுங்கள். கேட்டால் டீச்சருக்குக் கோபம் வருமோ என்று யோசிக்க வேண்டாம். இதைப் படிக்கும் டீச்சர்மாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

பெற்றோர் கூட்டத்தை வேலை நாளில் வைத்தால் வருகிறவர்களுக்கு ஒரு பேர் போய்விடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வைக்கும்படி தோட்டக் கமிட்டியும் மாதர் சங்கத் தலைவியும் சேர்ந்து அதிபருக்குக் கடிதம் கொடுங்கள். வாசிப்புத் தாளையும் வினா அட்டவணையையும் அதே கடிதத்தில் கேளுங்கள். மாதிரிக் கடிதம் மாவட்டக் காரியாலயத்தில் இருக்கிறது, அடுத்த சந்தா கட்ட வரும்போது வாங்கிக்கொண்டு போகலாம்.